முன்னுக்குப் பாரம்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன்னுடைய சாமான்களைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். எங்கள் பெரியப்பா வந்து சேர்ந்தபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சீவுளியும் மட்டும்தான் கொண்டுவந்தாராம். அவர் மட்டக்களப்புப் பட்டணத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் தச்சு வேலைக்காரர், மீதிப் பேர் பாட்டுக்காரர் என்று சொல்வார்கள். பெரியப்பா இரண்டிலும் சேராமல் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். கைமட்டும் தச்சனுடைய கையாகவே இருந்தது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவருடைய வீடும் எங்களுடைய வீடும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு வேலிகூட இல்லாமல் இருந்தன. வளவு முடிகிற இடத்தில், கடலோடு போய்ச் சேருகிற பெரிய வாவி. அந்த வளவு தன்னுடையது என்று பெரியம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை வரவில்லை என்பதுதான் காரணம். பெரியப்பா ஒரு ஆணி அடிப்பதென்றாலும் சுவரைப் பார்ப்பதற்கு முன் பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கேளாமல் பேசாமல் ஒரு ட்ரக்டர் பெட்டியில் பழைய படகொன்றை ஏற்றிக்கொண்டு வந்து கிணற்றடிக்குப் பக்கத்தில் இறக்கினார்.

அது மீன்பிடிப் படகு இல்லை. அந்தக் காலத்தில் வாவியில் பந்தயம் ஓடிய படகாம். பிறகு சண்டைக் காலம் வந்தது. பெலத்த எஞ்சின் பூட்டி ஓடுவதற்கு இராணுவம் யாரையும் விடவில்லை. படகு கைமாறிக் கைமாறி ஏறாவூரில் ஒரு கிடுகு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை ஓலை ஊறப்போடும் தொட்டியாக வைத்திருந்தார். தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவேண்டிய சாமான், பல வருடமாகத் தண்ணீரை வெளியே விடாமல் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பெரியப்பா அவருக்கு ஒரு நல்ல சீமெந்துத் தொட்டி கட்டிக்கொடுத்துவிட்டுப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலாளி தனக்குத்தான் லாபம் என்று இன்றுவரைக்கும் சொல்லுவார்.

பெரியம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். உள்ளே இன்னும் அழுகிய ஓலை ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னகா இது?"

"பந்தயப் போட். மறுகா பாருங்க எப்பிடி வருமெண்டு."

 பெரியம்மா உடுப்புக் காயப்போடும் கொடியை அவிழ்த்து மாமரத்துப் பக்கமாக மாற்றிக் கட்டினார். அதைப் பெரியப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கென்னவோ அது எச்சரிக்கை மாதிரித்தான் தெரிந்தது.

வேலைவிட்டு வந்து தேத்தண்ணி குடித்தவுடன் பெரியப்பா படகடிக்குப் போய்விடுவார். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்து கேள்வி கேட்பேன். அவர் வாய்க்குள் பித்தளைத் திருகாணிகளை வைத்துக்கொண்டே பதில் சொல்லுவார். பலகையில் பூசியிருந்த பச்சை மையைச் சுரண்ட நீலம் வந்தது, நீலத்தைச் சுரண்டச் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் வெள்ளையால் எழுதிய ஏழாம் இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தபோது பெரியப்பா ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். பந்தயம் ஓடியது பொய்யில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பெரியம்மா மட்டும், "முதலாளிட்ட ஏழு தொட்டி இருந்திருக்கும், இது ஏழாவதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்திருந்த சட்டங்கள் முக்கால்வாசி உக்கிப்போயிருந்தன. அவற்றுக்குப் பதிலாகச் சமண்டலை மரத்தில் புதிய சட்டங்கள் சீவினார். மரத்தை வளைப்பதற்கு ஆவி பிடிக்கவேண்டும். அதற்கு அவர் தெரிந்தெடுத்தது பெரியம்மா நெல் அவிக்கும் கிடாரத்தை. அடுத்தமுறை அவித்த நெல்லில் வந்த சோறு முழுக்க மரவாசம் அடித்தது.  பெரியம்மா அந்த அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, அது முடியும்வரைக்கும் பெரியப்பாவுக்கு மட்டும் அதிலேயே சோறாக்கிப் போட்டார். பெரியப்பாவும் கடைசி மணிவரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.

அந்த வேலையை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறுகிற இடத்தில் நின்று அங்கே கரிக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். பிறகு அந்த வட்டத்துக்குள் கத்தி வைத்தால் மரம் மாவாகக் கொட்டும். இருக்கைக்கு அடியில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாத மூலையில், ஒரு சட்டம் மயிரிழை விலகியிருந்தது என்பதற்காக முழுவதையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். யார் அதைக் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று என் அம்மா கேட்டார். "தண்ணி பாக்கும்" என்றார் பெரியப்பா. வாழைச்சேனைத் துறைமுகத்தில் யாரோ கைவிட்ட எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து அக்கக்காகக் கழற்றி, பெரியம்மாவின் நல்ல மேசைவிரிப்பின் மேல் பரப்பித் துடைத்தார். அந்த மேசைவிரிப்புக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதை விட்டுவிடுகிறேன்.

படகில் இரண்டே இரண்டு இருக்கை. பின்னால் ஓட்டுகிறவருக்கு ஒன்று, முன்னால் இன்னொன்று. "முதல் ஓட்டத்தில முன்னுக்கு நீதான்" என்று பெரியப்பா ஒருநாள் எனக்குச் சொன்னார். வாய் நிறையத் திருகாணியோடு சொன்னதை நான் சத்தியமாகவே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

பெரியம்மா ஏறமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்தது. வளவிலிருந்து பார்த்தால் அந்த வயல்வட்டையின் தென்னைகள் தெரியும். கூப்பிடு தூரத்தில் தோணித்துறையும் இருந்தது. ஆனால் பெரியம்மா சோற்றைக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி, பாலத்தால் சுற்றி, அரைநாள் செலவழித்துத்தான் வயலுக்குப் போவார். ஏன் என்று கேட்டால், "கடல் வந்ததுக்குப் பிறகு அவ தண்ணில ஏறுறல்ல" என்று அம்மா சொல்லுவார். கடல் வந்தது, அதுதான் சுனாமி, நான் பிறக்க முன்னம். பெரியவர்கள் பலதையும் கடல் வந்ததற்கு முன்னம், பின்னம் என்றுதான் கணக்குச் சொல்வார்கள். எனக்கு அது பழைய பாலம், புதுப் பாலம் என்பது மாதிரி ஒரு பேச்சு. அன்றைக்குப் பெரியம்மா வாவியில் ஒரு தோணிக்குள் இருந்தார் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அவருடைய குசினியில் வாவிப் பக்கமாக ஒரு பெரிய யன்னல் இருந்தது. எவ்வளவு புகை அடைத்தாலும் அதன் கதவைத் திறக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், பெரியம்மா குசினிக்குள் இருந்த நேரமாகப் பார்த்து, பெரியப்பா படகைத் தண்ணீரில் தள்ளினார். கரையில் நான் மட்டும். எஞ்சினை முறுக்கியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு எழும்பியது. பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தியது. முன்னால் என்ன இருக்கிறதென்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. இறால் பிடிக்க நட்டிருந்த கம்பொன்றில் மோதப் பார்த்துத் திரும்பி வந்தார். கரையில் குந்தியிருந்து வெகுநேரம் படகையே பார்த்தார்.

"முன்னுக்குப் பாரம் காணாது" என்றார் கடைசியில்.

போதாத பாரத்துக்கு நான் இருக்கிறேனே என்றேன். என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "நீ காணாய்" என்று இறக்கிவிட்டார். பிறகு கொட்டிலிலிருந்து இரண்டு சாக்கு எடுத்துவந்து மண் அள்ளி நிரப்பி, முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு திரும்பவும் போனார். மூக்கு ஒருதரம் எழும்பிப் பார்த்தது, பிறகு பணிந்தது. அதற்குப் பிறகு படகு தண்ணீரில் போனது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போனது. பெரிய வளைவொன்று எடுத்து அது திரும்பியபோது அதன் பின்னால் வெள்ளையாக ஒரு பாதை வாவியின் குறுக்கே கிடந்தது. நான் கத்திய கத்தலுக்குக் கொக்குகள் எழும்பின.

பெரியப்பா சிரித்துக்கொண்டே வந்து கரைபிடித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்தார். சிரிப்புக் குறைந்துபோயிற்று. இறங்கினார். மண் மூட்டை இரண்டையும் இழுத்துக்கொண்டுபோய்க் கண்டல் மரத்துக்குப் பின்னால் மறைத்துவைத்தார்.

"இத ஒருத்தரிட்டையும் சொல்லாத, புள்ள."

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்துவந்து எல்லோரும் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டோம். பெரியப்பா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, இன்றைக்குப் படகை முதல்முதலாக ஓட்டப்போவதாகச் சொன்னார். தங்களுடைய பறங்கி ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதாம். முதல் ஓட்டத்தில் வீட்டுக்காரி முன்னால் இருக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் படகுக்கு ஆகாதாம். முதல் ஓட்டத்தை முந்தினநாளே கண்ணால் பார்த்தவள் நான். பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பெரியம்மா நல்ல பாரமான ஆள். அவர் ஏறினால் மண் அள்ளத் தேவையில்லை. அந்த மூளையை மெச்சிக்கொண்டே, என் இருக்கையைப் பறித்த மனிதரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பெரியம்மா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"அது எங்க எழுதிக் கிடக்கு?"

"எழுதினா அது சட்டம். இது வழக்கம்" என்றார் பெரியப்பா. 

பெரியம்மா அந்தக் கவளத்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, அறைக்குள் குடை கிடக்கும், எடுத்து வா என்றார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை குழம்புக்குள் விழுந்தது. "அக்கா, நீங்களா?" என்று கேட்டார். "வழக்கமாம்" என்றார் பெரியம்மா.

பூசைக்குக் கட்டிய சேலையோடு, ஒரு கையில் குடையோடு பெரியம்மா கரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தார். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது, கோப்பை கழுவிவிட்டு வந்ததால் என்று நினைத்தேன். பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று படகை ஆடாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். பெரியம்மா ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது.  பெரியப்பா வா என்றும் சொல்லவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. மண் மூட்டை என்றால் இந்நேரம் ஏற்றி முடித்திருக்கலாம்.

கடைசியில் பெரியம்மா அந்தக் கையைப் பிடித்தார். ஏறி, முன் இருக்கையில் இருந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

இறால் கம்புகளைத் தாண்டும்வரை படகு மெதுவாகப் போனது. பிறகு எஞ்சினின் சத்தம் மாறியது. மூக்கு எழும்பியது. பெரியம்மா என்னவோ கத்தியது கரைக்குக் கேட்டது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். மூக்குப் பணிந்தது. படகு பறந்தது. குடை தனியாக ஒரு பக்கம் பறந்து வாவியில் விழுந்தது. படகின் சிவப்பு ஒரு புள்ளியாகிப் படுவான்கரைத் தென்னைகளுக்குள் மறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றையும் காணவில்லை. அம்மா மாதாவைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பெரியம்மாவின் கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் கிடந்தது. மடியில் ஒரு பெரிய பூசணிக்காய். வயல் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய், வயலைப் பார்த்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இறங்கியதும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை, "வரக்குள்ள ஏன் மெதுவா விட்ட நீங்க?" என்பதுதான். பெரியப்பா பூசணிக்காயை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. பெரியம்மாவின் பின்னாலேயே குசினிக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வழக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்னுக்குப் பாரம் வேண்டும் என்பதற்காகத்தான் உங்களை ஏற்றினார் என்றேன்.

பெரியம்மா தலைமயிரைக் கோதி முடிந்துகொண்டிருந்தார்.

"மண் மூட்டையோட நல்லாத்தானே ஓடினது. நேத்து சத்தம் கேட்டு யன்னல நீக்கிப் பாத்தனான்."

"அப்ப என்னத்துக்குப் பெரியம்மா ஏறின நீங்க?"

அவர் கொண்டையை இறுக்கிச் செருகினார். "அது ரெண்டும் நெல்லுப் போடுற சாக்கு. எடுத்துக் கழுவிக் காயப்போடு, போ" என்றார்.

கிணற்றடியில் நின்று சாக்கைக் கழுவியபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மண்ணே போதும் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஒருவர் இல்லாத வழக்கத்தைச் சொல்ல, மற்றவர் நம்புகிற மாதிரி இருக்க, நடுவில் போனது என்னுடைய இருக்கை. நிமிர்ந்து பார்த்தேன். குசினியின் வாவிப் பக்க யன்னல் அகலத் திறந்துகிடந்தது. பெரியம்மா சாத்த மறந்துவிட்டார் என்று நினைத்து, போய் அதை இழுத்துச் சாத்திக் கொளுக்கியும் போட்டுவிட்டு வந்தேன். சாக்கைக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்பினால் அது மறுபடியும் திறந்திருந்தது. மறுநாளும் திறந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

கொளுக்கி பழுது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். ஒரு சட்டம் மயிரிழை விலகினாலும் பொறுக்காத மனிதர், அதைத் திருத்த வரவேயில்லை.