குட்டி கேட்ட ஸ்கோன்

அத்தை கனடாவிலிருந்து வந்ததே மாதாகோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகத்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளையின் புதுநன்மைக்கும் விமானத்தில் ஆள் வந்ததில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிப் போனபின் அதுதான் அவளுடைய முதல் வரவு. கூடவே மாமாவும் அவர்களுடைய நான்கு வயது மகனும் வந்திருந்தார்கள். அவனை நாங்கள் குட்டி என்றே கூப்பிட்டோம். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வெயில் தாங்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான்.

பூசை முடிந்து, பிரியாணி போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் கலைந்த மறுநாள், குட்டியை விழுப்புரத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் காட்டிவிட்டு வருவதாக மாமா கிளம்பினார். அத்தைக்கு அன்று காய்ச்சல். நீ படுத்திரு, ரெண்டு நாளில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். பாஸ்போர்ட்டுகள் இருந்த தோள்பையை வழக்கம்போல அவரே மாட்டிக்கொண்டார். அத்தை வாசல்வரை வந்து, குட்டிக்கு மதியம் தயிர்சாதம் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் திரும்பி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்பா விழுப்புரத்துக்குப் போனபோது, மாமாவின் அம்மா கேட்டைத் திறக்காமலே பேசினாராம். மகனும் பேரனும் விமானம் ஏறிவிட்டார்கள், இனிமேல் ஒத்துவராது என்று மகன் சொல்லிவிட்டான், நடுவில் தன்னால் என்ன செய்ய முடியும் என்றாராம். அத்தையின் பாஸ்போர்ட்டும், அந்த நாட்டில் குடியிருப்பதற்கு அவளிடமிருந்த அட்டையும் அந்தப் பையோடு போய்விட்டன. ஒத்துவராதது எது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு. மாமாவுக்கு அவசர வேலை, குட்டிக்குப் பள்ளிக்கூடம், ஆகவே அவர்கள் முன்னால் போயிருக்கிறார்கள். அத்தை கொஞ்ச நாள் நம்மோடு இருப்பாள். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பரீட்சை லீவு வேறு. அத்தை என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். காலையில் அவள் தலையணை ஈரமாக இருக்கும். காய்ச்சல் விடும்போது அப்படித்தான் வியர்க்கும் என்று அம்மா சொன்னாள். நானும் அந்தக் காய்ச்சல் எப்போது முழுதாக விடும் என்று தினமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் கோயில் பங்குச் சாமியார் விழுப்புரத்துக்குப் போய் மாமாவின் அம்மாவிடம் பேசியதில் ஒன்று மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதாவது அங்கே காலையில், குட்டியை வீடியோவில் காட்ட மாமா ஒப்புக்கொண்டார். முதல் அழைப்பில் மாமாவின் முகம் தெரியவே இல்லை. ஒரு மேசைக்குப் பின்னால் குட்டி மட்டும் தெரிந்தான். முன்னால் இருந்த கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “மம்மி, ஸ்கோன்” என்றான். வேறெதுவும் பேசவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை சிரித்துக்கொண்டே, அடுத்த ஞாயிறு மம்மி செய்து காட்டுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். பாதியில் போன் கட்டாகிவிட்டது.

ஸ்கோன் என்பது வெண்ணெய் போட்டுச் சுடும் ஒரு வகை ரொட்டி என்று எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது ‘கோன்’. ஐஸ்க்ரீம் செய்யப்போகிறாள் என்று நினைத்து நான் அந்த வாரத்தை மிகுந்த எதிர்பார்ப்போடு தொடங்கினேன்.

அத்தை எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் மைதா இருக்கிறதா, வெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஞாயித்துக்கிழம காலையில அவனுக்கு அதான் அண்ணி. மேடை மேல ஏறி உக்காந்துகினு மாவ பெசைவான். இத பாத்தான்னா அவங்கப்பாவ சும்மா வுட மாட்டான். புள்ள அழுதா அவரு மனசு எறங்கும்.”

அம்மா என்னிடம் பையைக் கொடுத்து மைதா வாங்கிவரச் சொன்னாள்.

எங்களுக்குச் செய்து கொடுப்பதற்கென்று அத்தை பெட்டியில் ஒரு பாட்டில் மேப்பிள் பாகும் ஒரு பாக்கெட் பெக்கன் பருப்பும் கொண்டுவந்திருந்தாள். விசேஷ நெரிசலில் அவை அப்படியே கிடந்தன. பாகு ஒரு மரத்தின் நீரைக் காய்ச்சிச் செய்வது என்றாள். நான் ஒரு விரல் நக்கிப் பார்த்தேன். வெல்லப்பாகில் லேசாகப் புகை பிடித்ததுபோல இருந்தது. பெக்கன் ஒவ்வொன்றும் வண்டின் முதுகுபோல வரிவரியாக இருந்தது. இரண்டுமே கொஞ்சம்தான் இருந்தன. பழகிப் பார்க்கும்வரை வெல்லத்தையும் மல்லாட்டைக் கடலையையும் போட்டுச் செய்தால் என்ன என்று அம்மா கேட்டாள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வாசனை மாறிப்போகும், குட்டி கண்டுபிடித்துவிடுவான் என்றாள்.

“போன்ல வாசன போவாதே அத்த” என்றேன்.

அத்தை பருப்பை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு மறுபடியும் நறுக்கினாள்.

வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் கேஸ்கட்டைக் கழற்றி, அடியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கினாள். எடுத்தபோது அடிப்பக்கம் கரிந்து, மேல்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐஸ்க்ரீமுக்காகக் காத்திருந்த நான் அந்த முக்கோணத் துண்டைக் கடித்துவிட்டு நெடுநேரம் மென்றேன். அப்பா கடையிலிருந்து வந்து ஒன்றை முழுதாகத் தின்று, நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அதன்பின் அவர் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் திரும்பவில்லை. தொண்டையில் மாட்டிக்கொண்டதோ என்று நான் பயந்தேன்.

அடுத்து வெண்ணெய் சதி செய்தது. ஸ்கோனுக்கு வெண்ணெய் உருகாமல் மாவில் துகள்துகளாக இருக்க வேண்டுமாம். திண்டிவனத்தின் கத்திரி வெயிலில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் அவள் கைக்குப் போவதற்குள் எண்ணெயாகிவிட்டது. மாவு சப்பாத்திக்குப் பிசைந்ததுபோல ஆகிவிட்டது. அத்தை அந்த மாவில் கை புதைந்தபடி நின்றாள். அங்கே ஜன்னலைத் திறந்தாலே போதும், வெண்ணெய் கல்லு மாதிரி நிற்கும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள், குழந்தைக்குக் கழுவுவதுபோல.

சனிக்கிழமை அப்பா யாரிடமோ கேட்டு ஒரு சின்ன மின்சார ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீந்திருந்த பெக்கனில் பாதியை அன்று போட்டுப் பார்த்ததில், பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது. அத்தை ஓவன் கதவைத் திறக்காமல் அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தாள். கரண்ட் வந்தபோது உள்ளே இருந்தது ஈரமாக அமுங்கிப்போயிருந்தது. மிச்சமிருந்த பருப்பு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஞாயிறு விடியலில் பூசைக்குக்கூடப் போகாமல் அத்தை வேலையைத் தொடங்கினாள். மாவையும் கிண்ணத்தையும் முதல் நாளே ஃபிரீசரில் வைத்திருந்தாள். வெண்ணெயைக் கல்லாக உறையவிட்டு, கேரட் துருவியில் துருவினாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நான் ஐஸ்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அடிக்கடி அதில் விரல்களை வைத்துக் குளிரவைத்துக்கொண்டு மாவைத் தொட்டாள். பால் ஊற்றி, பாகு விட்டு, பிசையாமல் சேர்த்து மட்டும் தட்டி, முக்கோணமாக வெட்டி உள்ளே வைத்தாள். கரண்ட் போகவில்லை. வீடு முழுக்க எங்கள் தெரு அறியாத ஒரு வாசனை பரவியது. எடுத்தபோது எல்லாம் பொன்னிறமாக எழும்பி, பக்கவாட்டில் அடுக்கடுக்காக வெடித்திருந்தன. மேலே பாகைத் தடவினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த அறையில் நான் மட்டுமல்ல, அவளும் நம்பினாள் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

சாயங்காலம் அத்தை குளித்து, குட்டிக்குப் பிடித்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். ஸ்கோன்களை வெள்ளைத் தட்டில் அடுக்கி, போனை ஒரு டப்பாவில் சாய்த்துவைத்து, தட்டு நன்றாகத் தெரிகிறதா என்று என்னை எதிரே உட்காரவைத்துப் பார்த்தாள். மாமாவின் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தில் குட்டியின் படம் இருந்தது. சிவப்புக் குல்லாய் போட்டுப் பனியில் நின்றுகொண்டிருந்தான்.

சொன்ன நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. அங்கே இப்போதுதான் எழுந்திருப்பான் என்றாள். பிறகு, குளித்துக்கொண்டிருப்பான் என்றாள். மணியடித்து மாலைப் பூசை தொடங்கி, அதுவும் முடிந்தது. அப்பா, நீயே கூப்பிட்டுப் பாரேன்மா என்றார். ஒருமுறை மணி போயிற்று. யாரோ அதை நிறுத்தினார்கள். மறுபடி கூப்பிட்டாள். அதன்பின் மணி போகவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் வளர வளரத் தெரிந்துகொண்டது. மாமா அன்றைக்கே அத்தையின் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். அப்பா கடையைப் பாதிநாள் மூடிவைத்துவிட்டு மகளிர் காவல் நிலையத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் சென்னைக்கும் அலைந்தார். புதுப் பாஸ்போர்ட் கிடைக்கவே வெகுகாலம் ஆயிற்று. விசா கிடைக்கவில்லை. அங்கே நடந்த வழக்கில் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லப்பட்டது. இல்லை என்று சொல்ல அவளால் அங்கே போய் நிற்க முடியவில்லை. பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்று முடிந்தது. நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். அத்தை ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். குட்டிக்கு மீசை அரும்பும் வயது. அவன் குரல் உடைந்திருக்கும். அதை அவள் கேட்டதில்லை. தெருவில் அந்த வயதுப் பையன்கள் பேசிக்கொண்டு போனால், பேச்சு தூரத்தில் தேயும்வரை நின்றுவிட்டுத்தான் நடப்பாள்.

அன்று சாயங்காலம் எனக்கு இவை எதுவும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் வாசலில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அழைப்பு வந்தால் நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டத்திலிருந்த குட்டியின் படம் மறைந்தது. அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் நிற உருவம் ஒன்று வந்தது. அங்கே யாரோ போனும் கையுமாக விழித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாகிவிட்டது.

“அத்த, குட்டி போட்டோவ எடுத்துட்டாங்க. புதுசு போடப் போறாங்க போல” என்றேன்.

அத்தை கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தலையில் கையை வைத்தாள்.

“ஆமாம் கண்ணு. புதுசு போடுவாங்க” என்றாள்.

அவள் எழுந்து உள்ளே போனாள். புதுப் படத்தில் குட்டி என்ன சட்டை போட்டிருப்பான் என்று யோசித்தபடி, அது வரும் நொடியைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று, நான் அந்தச் சாம்பல் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.