பொம்மைக் காருக்கு நான் செய்த பல்சக்கரங்கள்

என் அண்ணனுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை இருந்தது. இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே, ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அகலம். போர்டில் அவன் பெயர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முன்னால் உட்காருவதும் அவன்தான். ஆனால் கொஞ்சம் நுணுக்கமான வேலை வந்துவிட்டால் மத்தியானம் சாப்பிட வரும்போது அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். பின்கட்டில் ஜன்னலை ஒட்டி ஒரு பலகை கிடந்தது. அங்கே உட்கார்ந்து அதைச் சரிசெய்வது நான்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் இரண்டு நாள் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தை, பார்க்கப் பொறுக்காமல் பிடுங்கிச் சரிசெய்தேன். அன்று ஆரம்பித்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆறு வருஷம் அப்படியே ஓடியது. கடைக்கு வருகிறவர்கள் 'உன் கை யாருக்கும் வராதுப்பா' என்று அண்ணனிடம் சொல்வார்களாம். அதை அவனே வீட்டில் வந்து சிரித்துக்கொண்டு சொல்வான். நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் அவன் கொண்டுவந்தது கடிகாரம் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கார். பக்கத்துப் பட்டுக்கடை முதலாளியின் மகனுடையது. மகன் என்றால் சின்னப் பையன் இல்லை, கல்யாணமாகி மீசை வைத்த ஆள். அவனுடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. தனியாக ஒரு பெட்டி, அதில் நீளமான ஏரியல். பெட்டியில் இருக்கிற குச்சியை அசைத்தால், கம்பி எதுவும் இல்லாமலே கார் தூரத்தில் ஓடும், திரும்பும். கடை மூடுகிற நேரத்தில் அவன் தெருவில் அதை ஓட்ட, நெசவுக்காரர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்களாம். கோயில் வாசற்படியில் மோதி ஒருநாள் நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் உள்ளே ஓர் ஆணியைச் செருகிப் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாக இறுக்கிக் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் கார் நேராக ஓடியது. திருப்பினால் மட்டும் வழுக்கிக்கொண்டு குப்புற விழுந்தது.

"இன்னான்னு பாரு. எனக்கு ஒண்ணும் புரியல," என்றான் அண்ணன்.

முதலில் அந்த ஆணியைப் பிடுங்கினேன். பின் அச்சின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கூடு. அதற்குள் நான்கு குட்டிப் பல்சக்கரங்கள். தட்டையாக இல்லாமல் கூம்பு மாதிரி. இரண்டு எதிரும் புதிருமாக, இரண்டு அவற்றுக்கு இடையில். எல்லாம் பிளாஸ்டிக். இரண்டில் பல் மழுங்கிப் போயிருந்தது. மீதி இருந்த பற்களை வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றினேன். மறு சக்கரம் பின்பக்கம் சுற்றியது. மறுபடியும் சுற்றினேன். எவ்வளவு நேரம் அப்படிச் செய்தேனோ, அடுப்பில் சோறு குழைந்துபோனது.

திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே மோட்டார்தான் தள்ளுகிறது. அந்த வித்தியாசத்தை இந்த நான்கு பல்சக்கரமும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கின்றன. லாரியிலும் இதே ஏற்பாடுதான் என்றும் அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று பெயர் தெரியாது. வேலை மட்டும் தெரிந்தது.

உடைந்தது இரண்டுதான் என்றாலும் நான்கையும் பித்தளையில் செய்வது என்று முடிவுசெய்தேன். வாட்ச் வேலைக்கு வைத்திருந்த கை லேத்தில் பித்தளைக் கம்பியைக் கூம்பாகக் கடைந்தேன். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பல் வேண்டும், இடைவெளி துளிகூட மாறக் கூடாது. ஓட்டை அலாரம் கடிகாரம் ஒன்றில் அறுபது பல் உள்ள சக்கரம் இருந்தது. அதை அளவுக்கு வைத்துக்கொண்டு ஐந்து பல்லுக்கு ஒரு கோடாகக் குறித்தேன். பிறகு அரம். ஒன்பது நாள். விரல் நுனி எல்லாம் வெட்டு. சாம்பாருக்குப் புளி கரைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

முதலில் செய்த நான்கும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றுவிட்டன. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை சுற்றின, ஆனால் கரகரவென்று. பாத்திரம் துலக்கும் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி அரை நாள் கையால் சுற்றிச் சுற்றி வழவழப்பாக்கினேன். நடுவில் போகிற ஊசிக்குச் சைக்கிள் ஸ்போக்கை வெட்டினேன்.

இன்னொரு குறையும் இருந்தது. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் மோட்டாரின் சக்தி எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடுகிறது, தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கிறது. சைக்கிள் கிரீஸில் தேன்மெழுகை உருக்கிக் கலந்து கெட்டியாக்கிக் கூட்டுக்குள் அடைத்தேன். இப்போது ஒரு சக்கரம் எழும்பினாலும் மற்றது உடனே சோர்ந்துபோகாது. சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அந்தக் காருக்கு இல்லாத குணம் இது. நான் கொடுத்தது.

கொல்லையில் ஓட்டிப் பார்த்தோம். துவைக்கிற கல்லைச் சுற்றி ஒரு வட்டம், துளசி மாடத்தைச் சுற்றி ஒன்று. விழவில்லை. அண்ணன் கைதட்டினான். மறுநாள் எடுத்துக்கொண்டு போனான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் உள்ளே வந்தான். மெட்ராஸில் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு போட்டி நடத்தியிருக்கிறார்கள். பட்டுக்கடை மகனுக்கு முதல் பரிசு. கோப்பையோடு போட்டோ. கீழே, சக்கரங்களுக்கான பித்தளைப் பல் அமைப்பை அவர் தாமே யோசித்துத் தம் கையாலேயே செய்தார் என்று எழுதியிருந்தது.

"தன் கையாலயாம்! ஒரு ஸ்க்ரூ திருப்பத் தெரியாது அவனுக்கு! வா, இப்பவே போய்க் கேக்கலாம்," என்று குதித்தான் அண்ணன்.

என் பொருட்டுத்தான் குதிக்கிறான் என்று நினைத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன்.

பட்டுக்கடையில் ஏதோ கல்யாண ஜவுளிக் கூட்டம். பாய் முழுக்கச் சேலைகள் விரிந்து கிடந்தன. பெண்கள் ஒரு பத்துப் பேர். கல்லாவில் முதலாளி. மகன் அரக்கு நிறச் சேலை ஒன்றின் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் பத்திரிகையை அந்தச் சேலைமேலேயே போட்டான்.

"இன்னா சார் இது? நீங்க பண்ணீங்களா?"

மகன் சிரித்தான். "பேப்பர்காரன் ஏதோ எழுதிக்கினான்பா. அதுக்குப் போயி கத்திக்கினு வர்றியே. உனக்குத்தான் கூலி குடுத்தாச்சே."

"கூலி குடுத்தா என் வேலை உங்க வேலை ஆயிடுமா? ஒம்பது நாளு நான் உக்காந்து அரம் போட்டிருக்கேன். என் வெரலு தேஞ்சிது!"

நான் வாசலில் நின்றிருந்தேன். 'என் வேலை.' 'என் வெரலு.' முதலில் காது தப்பாகக் கேட்டதோ என்று நினைத்தேன். அவன் விரல்களைப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பட்டுக்கடை மகன் ஒருமுறை சொன்ன பொய்யை ஆறு வருஷமாக எங்கள் வீட்டிலேயே தினமும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரில் நின்றவன்மேல் இருந்த கோபம் முழுக்க அண்ணன்மேல் திரும்பியது.

"ண்ணா, ஒரு சக்கரத்துக்கு எத்தினி பல்லு வெச்ச?" என்று கேட்டேன்.

அவன் திரும்பினான். கடை முழுக்க அவன் வாயையே பார்த்தது. "நீ எதுக்கும்மா இங்க வந்த" என்று முணுமுணுத்தான்.

"நீதான் கூப்ட்ட. எத்தினின்னு சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. நான் பட்டுக்கடை மகனைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க சார். உங்க கையாலதானே பண்ணீங்க?"

அவன் முந்தானையை மடிக்க ஆரம்பித்தான்.

"பன்னெண்டு," என்றேன். "பண்ணது நான்." கையை நீட்டி விரல் நுனிகளைக் காட்டினேன். வெட்டுகள் ஆறிவிட்டிருந்தன, தழும்பு மட்டும் இருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துப் பார்த்து, "நீயாம்மா?" என்றாள். அவள் குரலில் இருந்தது ஆச்சரியம்தான். ஆனால் அந்த ஆச்சரியமே என்னைச் சுட்டது.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். "இது யாவாரம் பண்ற எடம்பா. வூட்டுப் பொம்பளைங்கள இட்டுக்கினு வந்து சண்ட போடாதே. கூட்டிக்கினு போ" என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம் இல்லை. நான் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல.

அண்ணன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வீட்டுக்கு வந்ததும், "பத்து பேர் எதிர்ல என்னை அசிங்கப்படுத்திட்ட" என்றான்.

"நீ சொன்னது பொய். அதான் அசிங்கம்," என்றேன். அதன்பின் பலகையின் பக்கமே போகவில்லை. சமைத்தேன், துவைத்தேன், படுத்தேன். அவன் கொண்டுவந்த கடிகாரங்கள் ஜன்னல் ஓரத்தில் அப்படியே கிடந்தன. கேட்டு வந்தவர்களுக்கு அவன் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ உக்காரலன்னா கடை எப்டிமா ஓடும்?"

"இத கடைல வந்து எல்லார் எதிர்லயும் சொல்லு."

அவன் அழுதான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. முறைத்துக்கொண்டு வெளியே போனான். இரண்டு நாள் கழித்து என் பலகையைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போய்க் கடையில் தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டான். மறுநாள் காலையிலிருந்து அங்கே உட்கார்ந்தேன். பொம்பளை கையில் கொடுப்பதா என்று சிலர் கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், ஐயம்பேட்டைக்காரர், வேறு கடையில் கொடுத்துக் கெடுத்துக்கொண்டு ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் பட்டுக்கடை மகனும் வந்தான். பித்தளை தேய்ந்துவிட்டது, அடுத்த போட்டிக்குப் புதிதாக ஒரு செட் வேண்டும். கேட்டது அண்ணனிடம். அண்ணன் என் பக்கம் கை காட்டினான். அதை மட்டும் அவனுக்காகச் சொல்ல வேண்டும், தயங்காமல் காட்டினான்.

"இத பண்ணது யாருன்னு அந்தப் பத்திரிகைக்கு எழுதுங்க. வந்ததும் பண்றேன்," என்றேன்.

அவன் சிரித்துவிட்டு மெட்ராஸில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அவர்கள் செய்துகொடுத்தது ஒரு மணி நேரத்தில் இறுகி, மோட்டார் புகைந்துபோனது. திரும்பி வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினான். நான் படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்டினான்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் வந்தது. கடைசிப் பக்கத்தில், வாசகர் கடிதங்களுக்கும் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் இரண்டு வரி: பரிசு பெற்ற காரின் பல்சக்கர வேலையில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி உதவினார்.

உதவினார்! அவன் கடிதத்தில் 'செய்தார்' என்றுதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். எந்த மேஜையில், எந்தப் பேனாவால் அந்த ஒரு சொல்லை மாற்றினார்களோ! ஒன்பது நாள் அரம் பிடித்தவள் உதவினாளாம். கோப்பை பிடித்தவன் செய்தானாம்.

சொன்ன சொல்லுக்காக இரண்டாவது செட்டைச் செய்துகொடுத்தேன். இந்த முறை பித்தளை இல்லை, எஃகு. ஒவ்வொரு பல்சக்கரமாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தினேன். முந்தினதைவிட நன்றாக ஓடியது. அவன் எடுத்துக்கொண்டு போன பிறகு அந்தப் பத்திரிகைக்கு நானே ஒரு தபால் கார்டு எழுதினேன், உதவவில்லை, செய்தேன் என்று. கீழே முழு விலாசமும் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் வரவில்லை. மூன்றாவதை அண்ணன்தான் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.