கைராசிக்காரர்

தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுக்க, கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருந்தார் அவர். நான் அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கறுத்து உயர்ந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை இருக்கும்; அவர்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. உடைத்து, பருப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஊரில் யார் நிலத்தில் விதைத்தாலும் முதல் விதையை அவரைத்தான் போடச் சொல்வார்களாம். அவ்வளவு கைராசி.

“என் ரத்தத்த எடுத்து என்னாங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“அதுல வேர் புடிக்கிற செல்லா பாத்துப் பிரிச்செடுத்து உங்க தம்பிக்கு ஏத்துவோம். நீங்க விதை மல்லாட்டை பொறுக்குற மாதிரிதாங்க,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நல்ல உதாரணம் சொல்லிவிட்டதாக எனக்கும் பெருமை.

செல்கள் வேர் பிடிக்கவில்லை. தம்பி இறந்துபோனார்.

ஆறேழு மாதம் கழித்து அவரைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சட்டைப் பை காலியாக இருந்தது.

“நீங்க நல்லாதாங்க பொறுக்கியிருப்பீங்க. என்னுதுதான் சொத்தை,” என்றார்.

“அப்படி இல்லீங்க. எவ்ளோ நல்ல செல்லா இருந்தாலும் சில ஒடம்புல நிக்காது.”

“அப்ப செத்துப்போன தம்பி மேல பழி போடச் சொல்றீங்களா?”

விழுப்புரம் பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பிச் சொன்னார்:

“இந்த வருஷமும் மொத விதை போடக் கூப்ட்டாங்க. நான் போவலீங்க.”

அன்று மருத்துவமனையில் நான் மல்லாட்டையைப் பேச்சில் இழுக்காமல் இருந்திருக்கலாம்.