‘இல்லை’ வரும் இடம்

எண்பதுகளில் துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் ஒரு லாஞ்சில் மெக்கானிக்காக இருந்தேன். கரைக்கு வராமல் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோவதுதான் டியூட்டி. அவற்றில் ஒன்று, முதலாளி கைகழுவிவிட்ட சரக்குக் கப்பல். அந்தப் பாவி எந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தானோ. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் போய்விட, வாட்ச்மேனாக ஒரே ஒருவன் மிச்சம், ஆப்பிரிக்காவில் அபிஜான் துறைமுகத்துக்காரன். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது. பதில் ஆள் ஏறினால்தான் அவன் இறங்கலாம். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.

என் இங்கிலீஷைக் கேட்டு நாங்கள் தங்கியிருந்த கேம்பே சிரிக்கும். “ஐ வாட்டர் பிரிங்” என்பேன். அந்த வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய ஜூலா மொழியிலும் அப்படித்தானாம். “ன் பே ஜி மின்.” முதலில் ‘நான்’, அடுத்து காலத்தைக் காட்டும் ஒரு பொடிச் சொல், பிறகு ‘தண்ணீர்’, கடைசியில் ‘குடி’. இடத்தையும் நேரத்தையும் மட்டும் வினைக்குப் பின்னால் தூக்கிப் போடுவான். மேற்கு ஆப்பிரிக்காவில் மாண்டே என்று ஒரு மொழிக்குடும்பமே இப்படிப் பேசுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. ஹோஸில் தண்ணீர் ஏறுகிற நேரமெல்லாம் அவனிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அந்த வெயிலில் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

லாஞ்சு ஓட்டிய அண்ணன் குளச்சல்காரர். “லே மக்கா, அவனுக்க பாஷய படிச்சி நீ என்ன கலெக்டராவா ஆவப்போற?” என்பார்.

ஒரு நாள் ஏஜென்ட் பதில் ஆளை எங்கள் லாஞ்சிலேயே அனுப்பினான். நாங்கள் லாஞ்சைக் கப்பலோடு கட்டுவதற்குள் மேலிருந்து கயிற்றில் வாட்ச்மேனின் பை இறங்கியது. அவன் துவைத்த சட்டை போட்டு நின்றான். புது ஆள் கயிற்றேணியில் ஒரு கால் வைத்து அண்ணாந்து பார்த்தார். துரு, இருட்டான ஜன்னல்கள், ஓடாத ஜெனரேட்டர்.

“எத்தனை மாசம் இருக்கணும்?” என்று இந்தியில் கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியாது. காலை எடுத்துவிட்டார்.

“மாஃபி பாய். நான் ஏற மாட்டேன்.”

அண்ணன் கெஞ்சினார், திட்டினார். புது ஆள் எஞ்சின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். கோபப்படவும் முடியவில்லை. நானே ஏறியிருக்க மாட்டேன்.

“நீயே சொல்லுலே. ஒனக்குத்தான அவனுக்க பாஷ தெரியும்,” என்றார் அண்ணன்.

தமிழாக இருந்தால் இழுக்கலாம். ‘இன்னைக்கு நீ வீட்டுக்குப் போக’ என்று தொடங்கி மூச்சு வாங்கலாம். ‘முடியாது’ வரும்வரை கேட்பவனுக்கு ஒரு நப்பாசையாவது மிஞ்சும். ஜூலாவில் ‘நீ’ என்றதுமே ‘இல்லை’ வந்தாக வேண்டும். போவதும் வீடும் இன்றைக்கும் அதற்குப் பிறகுதான்.

“இ தே…” என்றேன், ‘நீ’யும் ‘இல்லை’யும் மட்டும். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பையைத் திரும்பக் கயிற்றில் கட்டினேன். அவனே இழுத்துக்கொண்டான்.

அடுத்த முறை போனபோது ஜூலாவில் நலம் விசாரித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் ஹோஸுக்குக் கை நீட்டினான்.

“பானி, பாய். ஜல்தி,” என்றான், மற்ற எல்லோரிடமும் பேசும் அதே அரைகுறை இந்தியில்.