கோபாலசிங்கத்தின் கதிரை

கேற் கிறீச்சிட்டால் போதும், கோபாலசிங்கம் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிடுவார். வருகிறவர் கட்டடத்தில் குடியிருப்பவர் என்றால் மீதிப் பாதியும் எழும்பும். தபால்காரன் என்றால் மெல்ல இறங்கும். பூனை நுழைந்தாலும் முதல் பாதி தப்பாது. இத்தாலியின் பலெர்மோவில், துறைமுகத்துக்குப் போகும் தெருவொன்றில் நிற்கும் ஆறு மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் வாயிற்காரர். கண்ணாடிக் கூண்டு, அதற்குள் கதிரை, ஒரு சின்ன விசிறி, திறப்புகள் தொங்கும் பலகை. “இருந்துகொண்டு சம்பளம் எடுக்கிறான் எண்டு ஒருத்தரும் நினைக்கப்படாது பாருங்கோ,” என்பார். இப்படி எழும்பி எழும்பியே முழங்கால் தேய்ந்த மனிதர் வேறு எவரும் இருப்பாரோ தெரியாது.

ஆள் ஒல்லி. ஜூலை வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தான் பூட்டியே இருக்கும். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கட்டும் குரல், கட்டடத்துக்குள் காலை வைத்ததும் பாதியாகிவிடும். கூண்டுக்குள் வானொலி கிடையாது. அவர் கேட்பது லிப்ற்றை. கம்பிக் கதவு போட்ட பழைய லிப்ற். யார் ஏறுகிறார்கள், எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்று தலையைத் தூக்காமலே சொல்லுவார். ஆறாம் மாடி வீட்டு அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, நாயோடு ஏறினால் ஒரு சத்தம், நாயில்லாமல் ஏறினால் வேறொரு சத்தமாம். “நாய் இல்லாட்டி லிப்ற்றுக்கே ஒரு நிம்மதி,” என்பார்.

கொஞ்ச நாளாக மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அந்த லிப்ற் பல்லைக் கடிக்கிறது. கோபாலசிங்கத்துக்கு அது நெஞ்சுக்குள் கேட்கிறது. ஆனால் வாயைத் திறக்கமாட்டார். சித்திரையில் இப்படித்தான் ஏதோ சத்தம் கேட்டு லிப்ற்றை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்தவன் மேலும் கீழும் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்தான். செலவு கட்டட நிர்வாகியின் தலையில் விழுந்தது. எல்லோரும் ‘தொத்தோரே’ என்று மரியாதையாக அழைக்கும் அந்த மனிதர் கோபப்படவில்லை. வாசலில் ஒரு கமரா பூட்டிவிட்டால் அதற்குச் சம்பளமும் வேண்டாம், அதன் காதில் சத்தமும் விழாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். படிக்கட்டின் கீழே கோபாலசிங்கம் குடும்பம் வாழும் இரண்டு அறைகளும் வேலையோடு கிடைத்தவை. வேலை போனால் வீடும் போய்விடும். அன்றைக்குப் பூட்டிய வாய் அது.

மகள் துஷாந்தியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பூட்டு தானாகத் திறக்கும். தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கிறாள். இந்தக் கோடையில் அவளையும் வகுப்பு மாணவர் சிலரையும் பள்ளிக்கூடம் ஜெர்மனியில் ஒரு கார்த் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. கட்டடத்தில் இந்தச் செய்தி தெரியாத ஜீவன் அந்த நாய் ஒன்றுதான். அதற்கும் சொல்லியிருப்பார் என்றே படுகிறது.

தினமும் வேலை முடிந்ததும் மகள் வீடியோவில் வருவாள். நுனியில் இரும்பு வைத்த சப்பாத்தைக் காட்டுவாள். கோப்பிக் கேத்தலையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன சால்வோ என்ற வகுப்புப் பெடியன் பின்னால் நின்று, “சியாவ், சிங்கம்” என்று கையசைப்பான். துஷாந்திக்குக் கிடைத்த வேலை, பின் இருக்கை பெல்ற்றின் போல்ற்றை இறுக்குவது. ஒரு கார் நகர அடுத்தது வந்துவிடும். வேலை பழக்க ஒரு துருக்கிக்காரப் பெண் பக்கத்தில் நிற்கிறாள். தலைக்கு மேலே நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. ஏதும் பிழை என்று மனதில் பட்டால் அதை இழுக்கவேண்டும். முதலில் ஒரு பாட்டு வரும், பிறகு வரிசை முழுவதும் நின்றுவிடும்.

“நாங்களும் இழுக்கலாமாம் அப்பா.”

“அவை அப்பிடித்தான் சொல்லுவினம். நீ அந்தக் கயித்துப் பக்கம் கையைக் கொண்டுபோகாதை. பிழையெண்டால் பக்கத்தில நிக்கிறவவிட்டைச் சொல்லு. எங்களாலை ஒண்டு நிண்டு போச்செண்டு பேர் வரப்படாது.”

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், புட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“அப்பா, நான் இழுத்துப்போட்டன்.” அழுதுகொண்டே சொன்னாள்.

“என்னத்தை?”

“கயித்தை. போல்ற் இறுக்கேக்கை சத்தம் ஒரு மாதிரிக் கேட்டது. பச்சை லைற் எரிஞ்சுதுதான், எண்டாலும் சத்தம் சரியில்லை. அந்தத் துருக்கி அன்ரி அங்காலை திரும்பி நிண்டவ. கார் போகப் பாத்துது. இழுத்திட்டன். எல்லாம் நிண்டிட்டுது அப்பா. தூரத்தில நிண்டவையும் என்னைத்தான் பாத்தினம்.”

“பிறகு?”

“காப்போ, எங்கட வரிசைக்குப் பொறுப்பானவர், வந்து பாத்தார். ஒண்டும் கதைக்கேல்லை. வேலை முடிய எங்கட ரீச்சரையும் கூட்டிக்கொண்டு தன்ரை ஒபிசுக்கு வரட்டாம். திருப்பி அனுப்பப் போயினம் போலை.”

கோபாலசிங்கம் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார். ‘நான் சொன்னனான் எல்லோ’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். “சாப்பிட்டியோ?” என்று மட்டும் கேட்டார்.

மனைவி ஞானாம்பிகை வயதான சிஞ்ஞோரா ஒருத்தியைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள். அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். “நீங்கள் வெருட்டி வைச்சபடியாத்தான் பிள்ளை இப்ப நடுங்குது. இழுக்கச் சொல்லித்தானே அதைக் கட்டி விட்டிருக்கினம்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம்தான் ஆறாம் மாடியில் குடியிருப்பாளர் கூட்டம். வாசலுக்குக் கமராவா, கோபாலசிங்கமா என்பது அங்கேதான் முடிவாகும். காலையில் அந்த ஒரு கவலையோடுதான் எழும்பியிருந்தார். இப்போது இரண்டாயிற்று. புட்டு அப்படியே காய்ந்தது. காலையில் துடைத்த தபால் பெட்டிகளை இன்னொரு தடவை துடைத்தார். கண் தொலைபேசியில், காது லிப்ற்றில். கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் மாடியில் அந்தக் கடி. ஒரு தடவை அங்கேயே தயங்கி நின்று, ஒரு குலுக்கலோடு மேலே போனது. கதவு திறந்து மூடும் சத்தம் வரும்வரை கோபாலசிங்கம் மூச்சை விடவில்லை. ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மறுபடி கதிரையில் இருந்தார்.

துஷாந்தியின் குரல் பதிவு அப்போதுதான் வந்தது.

“அப்பா, போல்ற்றில ஒரு பிழையும் இல்லையாம். கழட்டிப் பாத்தவையாம், சரியாத்தான் இறுகியிருந்ததாம்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “நான் ‘சொறி’ சொன்னன். காப்போ ஏன் எண்டு கேட்டார். என்ன மாதிரிச் சத்தம் கேட்டதெண்டு வடிவாக் கேட்டு அறியத்தான் கூப்பிட்டவராம். திங்கக்கிழமை கேட்டால் திங்கக்கிழமையும் இழு எண்டார். அவ்வளவுதான் அப்பா.”

பிள்ளை தப்பிவிட்டாள். கண் கலங்கியது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பதிவை மறுபடி போட்டுக் கேட்டார். இந்தத் தடவை மனதில் வேறொன்று எட்டிப் பார்த்தது. பிழையாகக் கேட்ட காதையும் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே தன் மகள் நிற்கிறாள். பெற்ற பிள்ளைமேல் பொறாமை என்று சொன்னால் தகப்பனுக்கு அழகில்லை. ஆனால் அதுதான்.

லிப்ற் கீழே வந்தது. ஆறாம் மாடி சிஞ்ஞோராவின் மகன் நாயை உலாத்தக் கூட்டிப்போனான். பெட்டி வெறுமையாக நின்றது. கோபாலசிங்கம் எழும்பி, உள்ளே ஒருவரும் இல்லையென்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சுவர் அலுமாரியைத் திறந்து லிப்ற்றின் பெரிய சுவிச்சை இறக்கினார். ‘பாவிக்கவேண்டாம்’ என்ற அட்டையைக் கம்பிக் கதவில் மாட்டினார். மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்து, வரச் சொன்னார். பிறகு கூண்டுக்குள் போய்க் கதிரையைத் தூக்கி வந்து, லிப்ற் கதவை மறித்துப் போட்டு இருந்தார்.

கேற் கிறீச்சிட்டது. தோல் பையும் இஸ்திரி போட்ட சட்டையுமாகத் தொத்தோரே கூட்டத்துக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். ஆறு மாடிப் படிகளை அண்ணாந்து பார்த்தார். கடைசியாகக் கோபாலசிங்கத்தைப் பார்த்து, இந்த முறை என்ன சத்தம் கேட்டது என்று அதே சிரிப்போடு விசாரித்தார்.

பழக்கதோஷம். கோபாலசிங்கத்தின் கைகள் கைப்பிடியில் ஊன்றிவிட்டன. உடம்பு பாதி எழும்பியும் விட்டது.

“மூன்றாம் மாடியில் கடிக்கிறது. நான்தான் நிறுத்தினேன்,” என்று இத்தாலிய மொழியில் சொன்னார். மீன்காரனோடு கதைக்கும் அந்த முழுக் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு மெல்லக் கீழே இறங்கி, கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.