நேர்காணல் முடிந்தும் கிளம்பாதவள்

சில வருடங்களுக்கு முன், அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. நேர்காணலுக்குப் போயிருந்தேன். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு இருந்தது ஒரே ஒரு இடம். "இதுதான் கடைசி. கிடைக்கலேன்னா பேசாம ஸ்கூல் வேலைக்குப் போயிடு" என்று சொல்லித்தான் அம்மா என்னை மேற்கு மாம்பலத்திலிருந்து அனுப்பியிருந்தாள்.

நேர்காணல் வராந்தாவுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. வெளியே வருகிறவரைச் சூழ்ந்துகொண்டு "என்ன கேட்டாங்க?" என்போம். அவரும் சிரித்துக்கொண்டே "சும்மா, பேசிக்ஸ்தான்" என்று நழுவிவிடுவார். போட்டிக்கு வந்தவருக்கு யார் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பார்கள்?

எனக்கு முன்னால் போய் வந்த, சாந்தோமிலிருந்து வந்திருந்த பெண் மட்டும் வேறு மாதிரி. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே தெருவுல ஒரு வூட்டு போர்ல உப்புத் தண்ணி, எதிர் வூட்ல நல்ல தண்ணி, இன்னா காரணம்னு கேட்டாங்கக்கா. எங்க தெருவே அப்டித்தான் கீது. தெரியலன்னு சொல்லிட்டு, ஏன்னு அவங்களையே கேட்டேன். சொல்ல மாட்டேன்ட்டாங்க" என்றாள். இப்படியும் ஒரு அசடா என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே என்னிடமும் அதையே கேட்டார்கள். எனக்கு ஒரே குஷி. ஒரு போர் ஆழமாகப் போயிருக்கும், அடியில் கடல்நீர் கலந்திருக்கும் என்று மளமளவென்று ஒப்பித்தேன். "ரெண்டும் ஒரே ஆழம்னா?" என்றார் பேராசிரியை. மறுபடியும் அதே கடல்நீரையே ஒப்பித்தேன்.

வெளியே வந்தால், அவள் இன்னும் கிளம்பவில்லை! நான் எப்படிச் செய்தேன் என்று வேவு பார்க்கத்தான் நிற்கிறாள் என்று எண்ணினேன். அவளோ, "இன்னாக்கா சொன்னே? ஏன் உப்பாம்?" என்றாள். நான் சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். "அப்டி இருக்காதுக்கா. எங்க வூட்லயும் எதிர் வூட்லயும் ஒரே ஆளுதான் போர் போட்டாரு, ஒரே ஆழம்தான். அப்பால எப்படி?" என்றாள். பேராசிரியை கேட்டதை நான் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அம்மாவின் 'கடைசி'யைத் தாண்டி, பிறகு வேறொரு கல்லூரியில் எனக்கும் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. ஆனாலும், கோட்டைவிட்டு வந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே நான் அப்படிக் காத்திருந்திருப்பேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.