திவசம் வந்தால்தான் சோறு

என் பொக்கைவாய் நைனா,

உன் முதல் வருடத் திவசத்துக்கு, நீ கடைசியாக இருந்த முதியோர் இல்லத்துக்கு இன்று மதியம் சாம்பார் சாதமும் வடையும் கொண்டுபோனேன்.

நுழைந்ததுமே ஒரு பெரியவர் கேட்டார்: "இன்னைக்கி யாருக்குமா தெவசம்?"

"எங்க நைனாவுக்கு."

"நல்லா இரும்மா. நாளைக்கி யாரும் வரலியாம். கஞ்சிதான்."

பக்கத்திலிருந்த அம்மாள் அவரை அதட்டினார்: "சும்மா கெடய்யா! உனக்கு தெனம் வடை போட ஊரே சாவணுமா?"

சமையல்காரம்மாவிடம் விசாரித்தேன்.

"கவர்மெண்ட்டு பணத்த கொறச்சிட்டாங்கமா. உங்க நைனா இருந்தப்பவே இப்டித்தான். தெவசம் குடுக்கறவங்க வந்தாத்தான் சோறு."

மிச்சம் பிடிக்க இவர்களுக்குக் கிழவன் கிழவி தட்டுதானா கிடைத்தது? தூ!

காஞ்சிபுரத்துக்காரர்களே, நாளை உங்கள் வீட்டில் யாருக்காவது திவசம் இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே சொல்லுங்கள். அங்கே உலை வைக்கக் காத்திருக்கிறார்கள்.

நைனா, நான் பார்க்க வரும்போதெல்லாம் "வயிறு நெறஞ்சிருக்குதுமா" என்று சிரிப்பாயே. அன்றைக்கெல்லாம் நீ நிஜமாகவே சாப்பிட்டிருந்தாயா?